நூறு மில்லி விளக்கெண்ணெய்

செப்டம்பர் 20, சனி

கோவை மாநகரப் பெருமக்களுக்கும், வருங்காலச் சந்ததியினருக்கும், இந்த நாட்குறிப்பைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்துப் படிக்கக்கூடிய என் அம்மாவுக்கும் பணிவன்புடன் அறிவிக்கப்படுவது: இன்று மாலை கணபதி பஸ் ஸ்டாப் எதிரே உள்ள நாட்டு மருந்துக் கடையில், பதினொன்றாம் வகுப்பு மாணவனும் இளம் விஞ்ஞானியுமான இளமாறன் நூறு மில்லி விளக்கெண்ணெய் வாங்கினான். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கடைக்காரர், "வயித்துக்குங்களா தம்பி?" என்று கேட்டார்.

"வண்டிக்குங்க" என்றேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

வண்டி என்றால் ரிமோட்டில் ஓடும் மாடல் கார். பேட்டரி போட்ட பொம்மை என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எலுமிச்சம்பழம் அளவுக்கு நிஜ எஞ்சின். கயிற்றை இழுத்துக் கிளப்பினால் கொசு மருந்து வண்டி மாதிரி புகையும். தேன்கூட்டைக் கலைத்த மாதிரி கத்தும். இந்த எஞ்சின் துரை பெட்ரோல் குடிக்க மாட்டார். மெத்தனால் என்ற ஆல்கஹாலும் நைட்ரோவும் சேர்ந்த சரக்கில் எண்ணெய் கலந்து கொடுத்தால்தான் எழுந்திருப்பார். எண்ணெய் இல்லாவிட்டால் எஞ்சின் உள்ளேயே இறுகி உயிரை விட்டுவிடும். அதற்குத்தான் விளக்கெண்ணெய்.

இவ்வளவும் எதற்கு என்றால், ஜோஸ்லினுக்காக. அதாவது, ஜோஸ்லினைத் தோற்கடிப்பதற்காக. என் வகுப்புதான். டியூஷன் சென்டருக்குப் பின்னால் எட்டு வருடமாகக் கல் மட்டும் நட்டு வைத்திருக்கும் சைட்டில், வியாழக்கிழமை அவள் தன் வண்டியை ஓட்டிக் காட்டினாள். அவளுடைய எரிபொருள் ரோஜா நிறம். அவள் அப்பா பெங்களூரிலிருந்து லாரி பார்சலில் வரவழைப்பது. டப்பாவில் சிங்கம் படம் வேறு.

"டப்பாவுலதான் சிங்கம். உள்ள இருக்கறது ரோஸ்மில்க்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அங்கேதான் எனக்குச் சூடு ஏறியது.

"உனக்கு வண்டி இருக்குதா?" என்றாள்.

"இருக்குது. எரிபொருள்கூட நானே கலக்குவேன். வாங்கி ஊத்தறவன் கஸ்டமர். கலக்கறவன்தான் கலைஞன்."

"அப்படியா? சரி, விஜயதசமி காலையில எட்டு மணி. நா தோத்தா இந்த டப்பா உனக்கு. நீ தோத்தா உன்ற வண்டி எனக்கு. வராம இருந்தாலும் தோத்ததாத்தான் கணக்கு."

என் மூளைக்கும் வாய்க்கும் நடுவே இருக்கும் சிக்னல் அன்றைக்கு வேலை செய்யவில்லை. "சரி" என்று வாய் சொல்லிவிட்டது.

ஆக, பந்தயத்தில் இருப்பது என் வண்டி. என் வண்டி என்றால், எங்கள் வீட்டு வண்டி. ஒரு வீட்டுக்குள் உன்னது என்னது என்று பிரித்துப் பேசுவது நல்ல குடும்பத்துக்கு அழகல்ல.

செப்டம்பர் 21, ஞாயிறு

பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். மேலே தடியான ஸ்கெட்ச் பேனாவில்: "கோகிலவாணி, மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. தொட்டால் கை இருக்காது."

கோகிலவாணி என்பவர் என் அக்கா. திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறார். கையெழுத்து ரொம்ப மோசம். "கை இருக்கலாம்" என்றும் படிக்க இடம் இருக்கிறது. நான் அப்படித்தான் படித்தேன்.

உள்ளே வண்டி. பக்கத்தில் அவளுடைய கல்லூரி மோட்டார் குழுவில் கொடுத்த ஒரு தகர டப்பா, பாதி நிறைந்தது. மண்டையோட்டுப் படம். அதன் கீழே: "எண்ணெய் கலக்காதது. இப்படியே ஊற்றினால் எஞ்சின் காலி. குடித்தால் நீ காலி." அந்த "நீ" யார் என்று புரியவில்லை. பொதுவாகச் சொல்லியிருப்பாள்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். இவளுக்கு மூக்கில் ஏதோ கருவி இருக்கிறது.

"டேய் மாறா, பரண்ல என்ற பெட்டி இருக்குதில்ல?"

"பெட்டி இருந்த எடத்துலயேதான் இருக்குதுக்கா."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பெட்டியை மறுபடியும் ஏற்றி வைத்துவிட்டேன். அவள் பெட்டியைப் பற்றித்தானே கேட்டாள்?

"ஆயுத பூஜைக்கு வர்றேன். வண்டிக்குப் பொட்டு வைக்கணும். ரெண்டு வருசம் கேன்டீன்ல காபி குடிக்காம சேர்த்து வாங்குனதுடா அது."

"தெரியும்க்கா" என்றேன். போனை வைத்ததும் பரணில் ஏறி, காலிப் பெட்டியை இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வேதியியல் காலாண்டுத் தேர்வு. ஆல்கஹால் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி. விட்டுவிட்டேன். எந்நேரமும் ஆல்கஹால் வேலையாகவே அலைந்ததில் ஆல்கஹாலைப் படிக்க நேரமில்லை.

செப்டம்பர் 24, புதன்

அக்காவின் டப்பா பந்தயத்துக்கு மட்டும்தான் காணும். பழகிப் பார்க்க இன்னும் கொஞ்சம் வேண்டும். என் உயிர் நண்பன் தாமுவைக் கூட்டிக்கொண்டு டவுன்ஹால் பக்கம் ஒரு கெமிக்கல் கடைக்குப் போனேன்.

"அண்ணா, மெத்தனால் ஒரு லிட்டர் குடுங்."

தராசில் நிறுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். கல்லாவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"லைசென்ஸ் வச்சிருக்கியா தம்பி?"

"டூவீலருக்கே இன்னும் எடுக்கலைங்."

"அந்த லைசென்ஸ் இல்ல. மெத்தனால் வாங்க, வச்சிருக்க, எல்லாத்துக்கும் லைசென்ஸ் வேணும். எத்தன ஊர்ல இதக் கலந்து குடிச்சுச் செத்திருக்கறாங்க தெரியுமா? எந்தத் தோட்டத்துல காய்ச்சறீங்க? மீசையே மொளைக்கல, அதுக்குள்ள சாராயமா?"

சாராயப் பழியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மீசை பற்றிய அவதூறைப் பொறுக்க முடியாது. "முளைச்சிருக்குதுங், வெளிச்சத்துல வந்து பாருங்" என்றேன்.

"உன்ற பேரென்ன? அப்பா நம்பர் சொல்லு."

வீரர்கள் இக்கட்டில்தான் தங்கள் அறிவைக் காட்டுவார்கள். "தாமோதரனுங்" என்று சொல்லி, தாமுவின் அப்பா நம்பரை மனப்பாடமாக ஒப்பித்தேன். தாமு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை வருணிக்க என் தமிழுக்கு வலு போதாது.

செப்டம்பர் 25, வியாழன்

தாமு என்னோடு பேசவில்லை. பதினோரு மணிக்குப் பேசினான்.

"டேய், எங்கப்பன் என்ற வாய மோந்து பாத்தாருடா. நாலு தடவ. எங்கம்மா தோட்டத்துச் சாளை வீடு, கெணத்து மோட்டார் ரூம் எல்லாம் போயித் தேடுச்சு. கடைசியில எங்கப்பன் மாட்டுத் தொட்டியில கையை விட்டு நக்கிப் பாத்தாரு."

"என்ன இருந்துச்சு?"

"புண்ணாக்குத் தண்ணி."

"பாத்தியா, நீ நிரபராதின்னு நிரூபணமாயிருச்சு."

ஒரு தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து நட்பைப் புதுப்பித்தேன். இருப்பதை வைத்தே பந்தயத்தை முடிப்பது என்று தலைமைக் குழு முடிவு செய்தது. தலைமைக் குழு என்பது நான். தாமு குழு.

செப்டம்பர் 27, சனி

காலாண்டு விடுமுறை தொடங்கியது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக, சைட்டில் வண்டியைக் கையால் தள்ளி ஓட்டிப் பழகினோம். குனிந்து தள்ளியது நான். எஞ்சின் சத்தம் தாமு. வளைவில் கியர் மாற்றும்போது அவன் "ஞ்ஞ்ஞைய்ங்" என்று போட்ட சத்தத்தில் ஒரு நாய் எழுந்து ஓடியது.

எதிர் அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து ஜோஸ்லின் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வேறு ஆட்டினாள். தெளிவாகத் தெரிகிறது, வேவு பார்க்கிறாள். நான் எழுந்து தலையை வாரிக்கொண்டேன். எதிரிக்கு நம் பலவீனம் தெரியக் கூடாது.

விளக்கெண்ணெய் பாட்டிலைப் பூஜை அலமாரியில் மறைத்து வைத்தேன். நான் அந்தப் பக்கமே போவதில்லை என்பது ஊருக்கே தெரியும். அதனால் அங்கே இருக்கும் எதையும் என்னுடையது என்று யாரும் சந்தேகிக்க முடியாது. என் புத்தியை நினைத்தால் சில சமயம் எனக்கே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

விசேஷம் ஒன்றும் இல்லை. அம்மா தினமும் கொலுவுக்கு விளக்கு போடுகிறாள். எனக்குத் தினமும் சுண்டல் போடுகிறாள். இன்று தட்டப்பயிறு. சாப்பிடும்போது, "உன்ற எண்ணெ எடுத்துக்கிட்டேன் கண்ணு, திருப்பி ஊத்தி வச்சுட்டேன்" என்று என்னவோ சொன்னாள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினேன். தேங்காய் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று மகத்தான நாள். அப்பாவின் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையிலிருந்து கையுறையும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டேன். மொட்டை மாடி. நல்ல காற்று. பக்கத்தில் நெருப்பு, சூடு ஒன்றும் கிடையாது. (தாமுவை மூன்றடி தள்ளியே நிறுத்தினேன். அவனே ஒரு விபத்து.)

விளக்கெண்ணெய் பாட்டிலைத் திறந்தேன். வாங்கும்போது குழகுழவென்று பசை மாதிரி இருந்தது. இப்போது நன்றாக இளகி, தேன் நிறத்தில், கமகமவென்று இருந்தது. பழகப் பழகப் பக்குவப்படும் போலிருக்கிறது. தாமு மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு எட்லிப் பொடி ஞாபகம் வருதுடா" என்றான். இவனுக்கு எதைப் பார்த்தாலும் இட்லிப் பொடி ஞாபகம் வரும்.

ஐந்துக்கு ஒன்று என்று அளந்து ஊற்றிக் குலுக்கினேன். பால் போலக் கலங்கியது. ஆகா! பெயர் வைத்தோம்: "மாறன் ஸ்பெஷல்". பாட்டிலில் சிங்கத்துக்குப் போட்டியாக ஒரு புலி வரைந்து ஒட்டினேன். தாமு அதைக் கீரி என்றான். கீழே "விஷம், தொடாதே" என்று பெரிதாக எழுதினேன். எனக்கும் பொறுப்பு உண்டு.

ஓட்டிப் பார்க்க நேரமில்லை. அக்காவின் பஸ் ஆறு மணிக்குச் சிங்காநல்லூர் வந்துவிட்டது. வண்டியைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைப் பரணில் ஏற்றி, நான் சோபாவில் விழுந்து கொட்டாவி விட்டபோது, அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, மூச்சு வாங்குது?"

"பாசங்க்கா."

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

அப்பாவின் பட்டறை மெஷின்கள், அம்மாவின் கிரைண்டர், என் சைக்கிள், அரிவாள்மனை என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அக்கா பெட்டியை இறக்கித் திறந்தாள். நான் சுவரில் இருக்கும் காலண்டரை ரொம்ப ஆர்வமாகப் படித்தேன். இன்று ரிஷபத்துக்கு "அலைச்சல்".

"டயர்ல செம்மண்ணு எப்படி வந்துச்சு?"

"பரண்ல தூசிக்கா."

"பரண்ல செம்மண்ணு?"

"நம்ம வீடு அப்பிடி. மண்வாசனை உள்ள வீடு."

அவள் டயரை விரலால் சுரண்டிப் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் வண்டியின் நெற்றியில் பொட்டு வைத்தாள். இந்த வீட்டில் சத்தம் போடுபவர்களைச் சமாளித்துவிடலாம். ஒன்றும் சொல்லாதவர்களைத்தான் நம்ப முடியாது.

பொட்டு வைத்த பிறகு மறுநாள் காலை மறுபூஜை வரை எதையும் இயக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். கிரைண்டரே தூங்க வேண்டும். அதனால் இன்று வெளியே வாங்கிய இட்லி. நான் எந்தப் பாடத்தில் வீக்கோ அந்தப் புத்தகத்தைச் சரஸ்வதி முன்னால் வைக்கச் சொன்னாள். வேதியியல் புத்தகத்தை வைத்து, அதன் பின்னால், துணிக்கு அடியில், விளக்குக்கு எட்டாத கோடியில், மாறன் ஸ்பெஷலையும் இறுக்க மூடி வைத்தேன். அசையாமல் ஒரு நாள் அருள் வாங்கட்டும்.

நாளை விஜயதசமி. காந்தி ஜெயந்தியும் நாளைதான். ஊரில் மதுக்கடையெல்லாம் மூடியிருக்கும். கோவையிலேயே நாளை ஆல்கஹால் குடிக்கப்போவது எங்கள் வண்டி மட்டும்தான்.

அக்டோபர் 2, வியாழன், காலை 6.20

துணியை விலக்கிப் பார்த்தேன். பாட்டிலில் இரண்டு மாடி. மேல் மாடியில் தண்ணீர் மாதிரி ஒன்று. தரைத்தளத்தில் பொன்னிறமாக இன்னொன்று. நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கோடு.

குலுக்கினேன். சேர்ந்தது. கீழே வைத்தேன். பிரிந்தது. கல்யாணமான மறு மாதமே பஞ்சாயத்துக்கு வந்த ஜோடி மாதிரி.

எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, இதுல என்ன ஊத்துன?"

"நல்லெண்ணெ கண்ணு. அன்னைக்கே சொன்னேனே? நவராத்திரி வெளக்குக்கு உன்ற வெளக்கெண்ணெய எடுத்துக்கிட்டேன்னு."

"எடுத்தா அதையே வாங்கி ஊத்த வேண்டியதுதான?"

"ஒருத்தர்கிட்ட ஒண்ணு எடுத்தா அதைவிட ஒசத்தியாத்தான் திருப்பணும். செக்குல ஆட்டுன சுத்தமான நல்லெண்ணெ. எரிக்கற எண்ணெய எடுத்துட்டுத் திங்கற எண்ணெயக் குடுத்திருக்கறேன், குறையாடா சொல்ற?"

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். இந்த இரண்டு மாடியை ஊற்றினால் எஞ்சின் மேல் மாடியை மட்டும் குடிக்கும். எண்ணெய் இல்லாத சரக்கு. எஞ்சின் காலி. ஊற்றாவிட்டால் வண்டி ஓடாது. வண்டி ஓடாவிட்டால் வண்டியே காலி.

காலை 6.50

ஒரு சிறு இராஜதந்திரப் பேச்சுவார்த்தைக்காக வெளியே போகிறேன். யாரிடம், எங்கே என்பதெல்லாம் வரலாற்றுக்கு அவசியமில்லை.

பகல் 12.30

வெற்றி! வெற்றி! வெற்றி!

விவரமாக எழுதுகிறேன். தாமு உட்படப் பதினோரு பேர் கொண்ட மாபெரும் கூட்டம். ஐந்து சுற்று. நேற்றுப் பக்கத்து லாரி ஷெட்டில் திருஷ்டி சுற்றிய பூசணிக்காயைத் தெருவில் உடைக்காமல், சைட்டின் கடைசி வளைவில் கொண்டுவந்து உடைத்திருந்தார்கள். குங்குமமும் விதையுமாகச் சிதறிக் கிடந்தது. பெருக்க நேரமில்லை. "ரெண்டு பேருக்கும் அதே பூசணிதான" என்றாள் ஜோஸ்லின்.

நான் டேங்க்கில் ஊற்றும்போது தாமு கத்தினான்: "டேய், ஏண்டா ரோஸ் கலர்ல இருக்குது?"

"பூஜையில இருந்ததில்ல? குங்குமம் கரைஞ்சிருச்சு" என்றேன் கணீரென்று. ஜோஸ்லின் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கட்டினாள்.

முதல் இழுப்பிலேயே எஞ்சின் கிளம்பியது. என்ன டியூனிங்! அவ்வளவு சுத்தமான குரலில் அது கத்தி நான் கேட்டதில்லை. நான்கு சுற்றும் ஒட்டி ஒட்டியே. ஐந்தாவது சுற்றின் கடைசி வளைவில் அவள் வண்டி பூசணிச் சோற்றில் வழுக்கி ஒரு முழு வட்டம் போட்டது. என் வண்டி, ஊசிக் காதில் நூல் நுழைகிற மாதிரி, இரண்டு பூசணித் துண்டுகளுக்கு நடுவே நேராகப் புகுந்து கோட்டைத் தாண்டியது. நுணுக்கமான கைத்திறன்! துணிச்சல்! நிதானம்!

நான் கல் மேல் ஏறி நின்று உரையாற்றினேன். "பெங்களூர் சிங்கத்தை ஜெயிச்சது கணபதிப் புலி! காசு குடுத்து வாங்குன சர்பத்து வேற, கையால கலக்குன சரக்கு வேற!" கைதட்டல். ஜோஸ்லினும் தட்டினாள். டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா ஓட்டுன" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

திரும்பினால், சுவரோரமாக அக்கா நிற்கிறாள். ஸ்கூட்டியில் சாய்ந்தபடி. வண்டியைக் கையில் எடுத்து, சைலன்சரை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்தாள்.

"வெளக்கெண்ணெ வாசமே இல்லையேடா" என்றாள்.

வெற்றியின் மகிழ்ச்சியில் கை வலிக்கிறது. இத்துடன் முடிக்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று, காந்தி பிறந்த நாளன்று, நான் எழுதியவற்றில் உண்மையானவை: தேதி, கிழமை, பூசணிக்காய்.

இராஜதந்திரப் பேச்சுவார்த்தை ஜோஸ்லின் வீட்டு வாசலில் நடந்தது. அவள் பல் தேய்த்துக்கொண்டே கதவைத் திறந்தாள். என் கையில் மாறன் ஸ்பெஷல் பாட்டில். நான் திட்டமிட்டுப் போன வசனம் வேறு. வாயிலிருந்து வந்தது வேறு.

"பந்தயம் வேண்டாம் ஜோஸ்லின். என்ற சரக்கு ரெண்டாப் பிரிஞ்சிருச்சு. வண்டி என்னுது இல்ல. எங்கக்காளோடது. காபி குடிக்காம வாங்குனது. அதுக்குப் பதிலா என்ற சைக்கிள எடுத்துக்க."

அவள் நுரையைத் துப்பிவிட்டு வந்தாள். "உங்கக்கா வண்டின்னு எனக்குத் தெரியும். அன்னைக்குக் கையால தள்ளுனீங்கல்ல, கவுந்துச்சே. அடியில பெருசா 'கோகிலவாணி'ன்னு எழுதியிருக்குது. பால்கனியில இருந்தே படிச்சேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ எப்ப சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்."

உள்ளே போய்ச் சிங்க டப்பாவை எடுத்து வந்தாள். ஒரு காலி பாட்டிலில் பாதியை ஊற்றினாள். "இந்தா. இதுல எண்ணெ கலந்தேதான் வரும். ஓடாத வண்டிய ஜெயிச்சு நா என்ன பண்றது? சைக்கிளெல்லாம் வேண்டாம். நீ தோத்தா, வண்டிக்குப் பதிலா உங்கக்காகிட்ட நீயே போயிச் சொல்லிரு. எட்டு மணிக்கு வா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. நான் கல் மேல் ஏறி அவளுடைய எரிபொருளைச் சர்பத்து என்றபோதுகூட, என் வண்டிக்குள் எரிந்துகொண்டிருந்ததே அந்தச் சர்பத்துதான் என்று அவள் சொல்லவில்லை. கைதட்டினாள். அதை நினைத்தால்தான் காலையிலிருந்து இட்லி இறங்கவில்லை. மூன்றுதான் இறங்கியது.

நேற்று பந்தயம் முடிந்து வீடு திரும்பியதுமே அக்கா என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்விட்டாள். (கை வலிக்கிறது என்று எழுதினேனே. அது காது. அவள் அதைப் பிடித்துத்தான் கூட்டிப்போனாள்.) எல்லாவற்றையும் சொன்னேன். மாறன் ஸ்பெஷல் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வீட்டு எண்ணெயில வெளக்கெண்ணெ மட்டுந்தான்டா இதுல கரையும். நல்லெண்ணெ கரையாது. இத ஊத்தியிருந்தீன்னா ரெண்டு வருசக் காபி ரெண்டு நிமிசத்துல போயிருக்கும்."

"ஊத்தலீல்லக்கா."

"அதனாலதான் உனக்குக் கை இருக்குது."

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். செம்மண்ணைப் பார்த்தபோதே சந்தேகம் வந்து, விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்ததும் கார்புரேட்டர் ஊசியைத் திருகிச் சரி செய்து வைத்ததே அவள்தான். நான் ஜோஸ்லின் வீட்டு வாசலில் நின்றிருந்த நேரம் அது.

"தெரிஞ்சும் ஏங்க்கா விட்ட?"

"வெளிய எடுத்துட்டுப் போறது எப்படியும் போற. கேவலமா ஓடுச்சுன்னா அடியில இருக்கறது என்ற பேரு."

"வண்டிய பந்தயத்துல வச்சது தெரியுமா?"

"அது தெரிஞ்சிருந்தா ஊசியத் திருப்பியிருக்க மாட்டேன். உன்ற கழுத்தத் திருப்பியிருப்பேன்."

தண்டனை: அவள் ஊரில் இருக்கும் வரை தினமும் அவளுக்கு இரண்டு வேளை காபி நான் போட வேண்டும். அதுபோக, டப்பாவை இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளே ஸ்கூட்டியில் கூட்டிப்போனாள். தாமுவையும் ஏற்றிக்கொண்டாள், சாட்சிக்கு. கல் மேல் ஏறி நின்ற அதே இடத்தில், அதே கல் மேல் ஏறச் சொல்லி, உண்மையைச் சொல்லச் சொன்னாள். கூட்டம் நேற்றைவிட அதிகம். பதினான்கு பேர். உண்மைக்குத்தான் மவுசு.

"நேத்து என்ற வண்டியில ஓடுனது" என்று ஆரம்பித்தேன்.

"உன்ற வண்டி?" என்றாள் அக்கா.

"எங்கக்கா வண்டியில ஓடுனது ஜோஸ்லினோட சர்பத்து." நாக்கைக் கடித்தேன். "எரிபொருள்."

தாமு எழுந்து நின்று கைதட்டினான். கெமிக்கல் கடைக்கு இன்றைக்குக் கணக்குத் தீர்ந்தது என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

ஜோஸ்லின் முதல் தடவையாகச் சிரித்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டு, "அந்தப் புலிப் படத்த இதுல ஒட்டிக் குடு" என்றாள்.

"அது புலின்னு உனக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்குது."

"கீரின்னுதான் நெனச்சேன். புலின்னு தாமுதான் சொன்னான்."

இப்போது எங்கள் வீட்டில் அக்காவும் அவளும் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏதோ ஊசி, அழுத்தம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் காபி கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு டம்ளர்.

ஆக, வண்டி அக்காவுடையது. எரிபொருள் ஜோஸ்லினுடையது. டியூனிங் அக்காவுடையது. நல்லெண்ணெய் அம்மாவுடையது. ஓட்டியதாவது நான் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் கடைசி வளைவில், ஊசிக் காதில் நூல் நுழைந்த அந்தக் கட்டத்தில், பயத்தில் நான் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டிருந்தேன். கைதட்டல் கேட்டுத்தான் திறந்தேன்.

என்னுடையது என்று இந்தக் கதை முழுவதிலும் இருந்தது அந்த நூறு மில்லி விளக்கெண்ணெய் ஒன்றுதான். அது கொலு முன்னால் புகையே இல்லாமல் ரொம்ப நன்றாக எரிந்ததாக அம்மா சொல்கிறாள்.